கண்ணுக்குத் தப்பிய இடுப்பு நரம்புகள்

சிறுநீர்ப்பை நிரம்பிக்கொண்டிருப்பது வெகுநேரம் நமக்குத் தெரிவதில்லை. பை விரிய விரிய அதன் சுவர் தளர்ந்து கொடுக்கிறது. கழுத்துப் பகுதி இறுகி அடைத்துக்கொள்கிறது. இவற்றைப் பார்த்துக்கொள்பவை பரிவு நரம்புகள். கழிக்கும் வேளையில் துணைப்பரிவு நரம்புகள் பையின் சுவரைச் சுருக்குகின்றன. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும் வெளிச் சுருக்குத்தசைக்குத் தனி நரம்பு உண்டு. ஆண்குறி விறைப்பது துணைப்பரிவு நரம்புகளால், விந்து வெளிப்படுவது பரிவு நரம்புகளால்.

பரிவு நரம்புகள் கடைசி இடுப்பு முள்ளெலும்பின் முன்னால் கூடி, வலம் இடமாகப் பிரிந்து இறங்குகின்றன. துணைப்பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் அடிப்பகுதியில், திருவெலும்புக்குரிய 2, 3, 4 ஆம் கூறுகளிலிருந்து வருகின்றன. மலக்குடலின் இரு பக்கமும் இவை கலந்து, சல்லாத்துணி போன்ற தட்டையான பின்னலாகின்றன. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் கருப்பைக்கும் பிறப்புறுப்புகளுக்கும் கிளைகள் போவது அங்கிருந்துதான்.

இவ்வளவு முக்கியமான நரம்புகளின் பாதை நெடுங்காலம் தெளிவாகவில்லை. பதப்படுத்திய முதியவர் உடலில் கொழுப்புக்கும் இணைப்புத் திசுவுக்கும் நடுவே இந்த மெல்லிய இழைகளைப் பிரித்தறிவது கடினம். விளைவைச் சுமந்தவர்கள் நோயாளிகள். புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை அகற்றிக்கொண்ட ஆண்களில் பெரும்பாலோர் விறைப்புத் திறனை இழந்தார்கள். உயிர் பிழைக்கக் கொடுக்கும் விலை என்றே மருத்துவர்களும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

1981இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கரைச் சந்தித்தார். இறந்து பிறந்த ஆண் சிசுவின் உடலில் சிறுநீர்ப்பை நரம்புகளை டோங்கர் ஆராய்ந்துகொண்டிருந்தார். சிசுவின் உடலில் அவை தெளிவாகத் தெரியும். இருவரும் சேர்ந்து விறைப்புக்கான நரம்புகளைத் தேடிப் பின்தொடர்ந்தார்கள். அவை சுரப்பியைத் துளைத்துப் போகவில்லை. அதன் உறைக்கு வெளியே, பின்பக்க ஓரமாக, இரத்தக் குழாய்களோடு ஒட்டிச் சென்றன. என்றால், சுரப்பியை எடுக்கும்போது அவற்றை விட்டுவைக்க முடியும்! 1982 ஏப்ரல் 26 அன்று வால்ஷ் அப்படியே ஓர் அறுவையைச் செய்தார். புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பது இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி.

பெண்களுக்கும் இதே கவலை உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பெரிய அறுவையில் பின்னல் அறுபட்டால் சிறுநீர்ப்பை தானாகக் காலியாவதில்லை. குழாய் வைத்து எடுக்க நேரலாம். இங்கே நரம்பு காக்கும் முறையை வளர்த்ததில் ஜப்பானிய மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. புற்று நரம்புவரை பரவியிருந்தால் மட்டும் அவற்றையும் சேர்த்தே வெட்ட வேண்டும். அறுபடாமல் இழுபட்டு மட்டும் போன நரம்பும் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும்.