தொழில் முனைவுத் திறனும் சிறுதொழில் வளர்ச்சியும்

ஒரே தொழிற்பேட்டையில், ஒரே அளவு கடனுடன், ஒரே வகை இயந்திரங்களைக் கொண்டு தொடங்கப்பெறும் இரு சிறுதொழில்களுள் ஒன்று வளர்கிறது, மற்றொன்று நலிகிறது. மூலதனம் ஒத்திருந்தும் விளைவு வேறுபடுவதேன்? நடத்துபவரின் திறன் இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

இத்திறனை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, தேய்மானம், வட்டி, தம் உழைப்பின் ஊதியம் ஆகியவற்றையும் சேர்த்து அடக்க விலையைக் கணக்கிடுதல். இரண்டாவது, ஒரே வாடிக்கையாளரை நம்பியிராது சந்தையை விரிவாக்குதல். மூன்றாவது, பணத்தைத் தேங்கவிடாது சுழலச் செய்தல்.

மூன்றாவதை எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவரது நடைமுறை மூலதனம் ரூ. 2 லட்சம் என்க. மூலப்பொருள் வாங்கியது முதல் விற்ற பணம் கைக்கு வரும்வரை 90 நாள் ஆனால், அப்பணம் ஆண்டில் ஏறத்தாழ 4 முறை சுழலும், ரூ. 8 லட்சம் செலவிலான உற்பத்தியே இயலும். சரக்கைத் தேக்காமலும், நிலுவையைக் காலத்தில் வசூலித்தும் இதனை 45 நாளாகக் குறைத்தால், உற்பத்தி ரூ. 16 லட்சமாக உயர வழியுண்டு. இயந்திரத் திறனும் தேவையும் இடந்தந்தால், புதுக் கடன் இன்றியே இது கைகூடும்.

இத்திறன் பிறவிக்குணமா? 1964இல் ஆந்திரப் பிரதேசத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த தொழில் வணிகத் துறையினருக்கு, உளவியலறிஞர் டேவிட் மெக்லெலண்டின் திட்டப்படி, ஐதராபாத் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் சாதனை ஊக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றோர், பெறாதோரைவிட மிகுதியாகப் புதுத் தொழில் தொடங்கினர். கூடுதல் முதலீடும் செய்தனர். முனைவுத் திறனைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்பதற்கு இது சான்றாயிற்று. 1983இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தோன்றியது.

எனினும், திறன் ஒன்றே எல்லாக் குறைகளையும் தீர்க்காது. பெரிய நிறுவனங்கள் பணம் தரத் தாமதித்தால், திறமையாளரும் தடுமாறுவர். எனவேதான் 2006ஆம் ஆண்டின் நுண், சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், நுண், சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்குரிய தொகையை 45 நாளுக்கு மேற்படாமல் செலுத்த விதிக்கிறது; தவறினால் கூட்டு வட்டியும் உண்டு. ஆயினும், தொழிலைப் பதிவு செய்து, கணக்கையும் ஒழுங்காக வைத்திருப்பவரே இவ்வுரிமையை எளிதில் நிலைநாட்ட இயலும்.

ஆகவே, கடன் வழங்கும் அலுவலர்கள் பிணையத்தை மட்டும் நோக்காது, விண்ணப்பதாரரின் அடக்க விலைக் கணக்கையும் நோக்குதல் நன்று. அதில் குறை காணின், மறுப்பதற்கு முன் பயிற்சிக்கு வழிகாட்டலாம். கடனும் பயிற்சியும் இணைந்து செல்லும்போதுதான் முதலீடு முழுப்பயன் தரும்.