தொலைந்துபோக ஓர் இடம்

ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் உலவும் கற்பனை நிலம். வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு வேடம். அரக்கர்களைக் கொன்று, ஏவிய பணிகளை முடித்துப் படிப்படியாக உயர்வது. இணையவழிப் பாத்திர விளையாட்டு என்பது இதுதான். பிள்ளைகள் சமாச்சாரம் என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. 'தெரியாமை'க்கு நம் காலம் வைத்திருக்கும் விலையை இதில் துலக்கமாகவே வாசிக்கலாம்.

தொடக்கம் 1978. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்', படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் ஆன உலகம். ஆடுபவர்களைச் சாதிப்பவர், தேடித் திரிபவர், கூடிப் பேசுபவர், கொல்பவர் என நான்காக 1996இல் பார்ட்டில் வகுத்தார். இந்த இரண்டாமவருக்கு என்ன நேர்ந்தது?

1999இல் வந்த எவர்குவெஸ்ட்டில் தொடக்கத்தில் வரைபடம் கிடையாது. மனிதப் பாத்திரத்துக்கு இரவில் கண் தெரியாது. கித்திகோர் காட்டைப் பகலில் கடந்தவர், இருட்டினால் நடைப்பிணங்களிடம் மாட்டுவார். செத்தால் உடைமையெல்லாம் பிணத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு ஓடிப்போய் மீட்க வேண்டும். ஆடியவர்களே தாளில் வழி வரைந்துகொண்டார்கள். வழி தெரியலேன்னா யாரையாவது கேட்டுத்தானே ஆகணும்? அப்படிக் கேட்டதில்தான் உறவுகள் உண்டாயின.

2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. பணி தருபவர் தலைக்குமேல் மஞ்சள் ஆச்சரியக்குறி. 2009 டிசம்பரில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே வந்தன: பணிக்குரிய இடத்தை வரைபடமே காட்டியது, குகைக்குப் போகும் கூட்டாளிகளை இயந்திரமே சேர்த்து, உள்ளே கொண்டுபோய் இறக்கியது. நடை போயிற்று, விசாரிப்பும் போயிற்று. நிலம் நாடகத்தின் பின்திரையாய்ச் சுருங்கிற்று.

நிறுவனத்தைத் திட்டிவிட்டு நகர்வது சுலபம். பழைய அலைச்சலும் மாதச் சந்தாவாய் முதலாளியின் கல்லாவுக்குத்தான் போனது. மேலும், 2019 ஆகஸ்டில் வார்கிராஃப்ட்டின் பழைய வடிவம் மறுபடி திறக்கப்பட்டது. இடம் காட்டும் வசதி அதில் இல்லை. ஆடுபவர்களே சிறு நிரல்களை எழுதி அதைப் பொருத்திக்கொண்டார்கள். சீக்கிரம் உயரும் பாதைக்குக் கையேடுகள் தயாராயிருந்தன. முதல் தடவை மாதக்கணக்கில் இழுத்தடித்த ராக்னரோஸ் என்னும் அரக்கன் இந்தமுறை ஒரு வாரத்துக்குள் வீழ்ந்தான். நிலம் திரும்பி வந்தது, தெரியாமை திரும்பவில்லை.

ஏன்? தொழிற்சாலைச் சங்கின் கட்டளை இப்போது நமக்குள்ளேயே குடியேறிவிட்டது. வரைபடத்தை யாரும் திணிக்கவில்லை. நாமே கேட்டு வாங்கினோம். வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் வழிதவறி அலை என்று சொல்ல நமக்கு உரிமையில்லைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கும் இலக்கு, பட்டியல், வேகம் எல்லாம் வந்து, அதுவும் இன்னொரு ஷிஃப்ட் ஆகிவிட்டதே, இதை என்ன செய்ய?

வழிதவறுவதை நஷ்டமென்றும் வழிகேட்பதை வெட்கமென்றும் பழகிவிட்டவர்கள் எந்தப் புதிய உலகத்துக்குப் போனாலும் பழைய வேலையையே பார்ப்பார்கள். மாற்று உலகம் பற்றிப் பேசுகிற நாமும் இதில் அடக்கம்.