கந்தக டை ஆக்சைடு: கடந்த கால மாசு எவ்வாறு கணக்கிடப்படுகிறது? நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குச் சிகிச்சை பெறும்போது, முன்பு எங்கு வசித்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று மருத்துவர் கேட்பது வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் சுவாசித்த கந்தக டை ஆக்சைடை இன்று இரத்தப் பரிசோதனையால் கண்டறிய இயலாது. ஆகவே உங்கள் நினைவிலுள்ள விவரங்களே மருத்துவருக்கு முதன்மையான சான்றாகும்.

கந்தக டை ஆக்சைடு உடலை எவ்வாறு பாதிக்கிறது?

இது கந்தகம் கலந்த நிலக்கரி, எண்ணெய் முதலியன எரியும்போதும், உலோகத் தாதுக்கள் உருக்கப்படும்போதும் உண்டாகும் நெடியுள்ள வாயு. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக் குழாய்களைச் சில நிமிடங்களிலேயே சுருங்கச் செய்யும். ஓடும்போதும் கடின வேலை செய்யும்போதும் வாய் வழியே மூச்சு விடுவதால் பாதிப்பு மிகும். காற்றில் இது சல்பேட் நுண்துகள்களாக மாறி, நுரையீரலின் ஆழம் வரை செல்லும்.

கடந்த கால அளவு எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

எரிபொருளின் அளவையும் அதிலுள்ள கந்தகத்தின் அளவையும் கொண்டு கணக்கிடுகின்றனர். 1 டன் நிலக்கரியில் 0.5 விழுக்காடு கந்தகம் இருந்தால், அது 5 கிலோ கந்தகமாகும். எரியும்போது ஏறத்தாழ அதே எடையுள்ள ஆக்சிஜன் அதனுடன் சேர்வதால், 10 கிலோ கந்தக டை ஆக்சைடு உண்டாகும். இதிலிருந்து சாம்பலில் தங்கும் பங்கும், கருவிகளால் அகற்றப்படும் பங்கும் கழிக்கப்படும்.

இம்முறையில் 1850 முதலான உலக அளவுகளை ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். கிரீன்லாந்துப் பனி அடுக்குகளில் உள்ள சல்பேட் அளவும், 2004-இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளின் பதிவுகளும் இக்கணக்குகளைச் சரிபார்க்க உதவுகின்றன.

தூத்துக்குடி ஓர் எடுத்துக்காட்டு

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் அது ஐந்து அலகுகளாக, 1,050 மெகாவாட் திறனுடன் வளர்ந்தது. தேசிய அளவிலான காற்றுத் தரக் கண்காணிப்போ 1984-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளை, எரிக்கப்பட்ட நிலக்கரியின் கணக்கைக் கொண்டே மதிப்பிட முடியும். அந்நகரில் 2018 வரை இயங்கிய தாமிர உருக்காலை போன்றவற்றுக்குக் கணக்கு சற்று வேறுபடும். தாதுவில் இருந்த கந்தகத்திலிருந்து, கந்தக அமிலமாகப் பிடிக்கப்பட்ட பங்கைக் கழிக்க வேண்டும்.

ஆய்க்குடி, தென்காசிப் பகுதியில் வசிப்பவர்களுக்கு

தூத்துக்குடி இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்கிலிருந்தே காற்று வீசும். எனவே அங்கு வெளியான அளவை இங்கு நீங்கள் சுவாசித்த அளவாகக் கொள்ளலாகாது. ஆனால் அங்கு பல ஆண்டுகள் பணியாற்றி ஊர் திரும்பியவர்கள் அதனை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். செங்கல் சூளை, டீசல் ஜெனரேட்டர், பட்டாசுப் புகை போன்ற அருகிலுள்ள காரணங்களையும் குறிப்பிடுங்கள்.

இம்மதிப்பீடு எதைக் கூறாது?

புகைபோக்கியிலிருந்து வெளியான அளவு வேறு. ஒருவர் சுவாசித்த அளவு வேறு. காற்றின் திசை, தொலைவு, வேலை செய்த இடம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். இக்கணக்கை மட்டும் கொண்டு, ஒரு தனிநபரின் நோய்க்கு இதுவே காரணம் என்றோ, காரணம் அன்று என்றோ முடிவு செய்ய இயலாது. புகைப்பழக்கம், விறகடுப்புப் புகை, பழைய காசநோய் ஆகியவற்றையும் மருத்துவர் கருத்தில் கொள்வார்.

மருத்துவரிடம் செல்லுமுன் எழுதி வைக்க வேண்டியவை

• வசித்த ஊர்கள், ஆண்டுகள். அருகில் இருந்த ஆலைகள்
• செய்த வேலைகள். புகை, வாயு, தூசி சூழ்ந்த பணியிடங்கள்
• வீட்டில் பயன்படுத்திய அடுப்பும் எரிபொருளும்
• மூச்சுத்திணறல் தொடங்கிய ஆண்டு. அது மிகும் காலம், இடம்
• புகைப்பழக்கம் இருந்தால் அதன் விவரம்

முதியவர்களுக்கு ஆண்டுகள் நினைவில் இல்லையெனில், திருமணம், பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தது போன்ற நிகழ்வுகளைக் கொண்டு பராமரிப்பாளர்கள் கேட்டறியலாம்.

நினைவில் கொள்ளுங்கள்

ஆலை மூடப்பட்டாலும், நீங்கள் ஊர் மாறினாலும், முன்பே பாதிக்கப்பட்ட நுரையீரலுக்குச் சிகிச்சை தொடர்ந்து தேவைப்படலாம். மருத்துவர் கூறாமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். பேச இயலாத அளவு மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

இத்தகவல் பொது விழிப்புணர்வுக்கானது. மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது.