தூண்டில் போடுமுன் மேல்நீரைப் பாருங்கள்

விடுமுறை நாளென்றால் தூண்டில் கோலை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பகாங் மலைமேலுள்ள தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் பக்கம் இறங்குகிறவர்கள் உண்டு. ஊரை ஒட்டி ஓடும் பெர்த்தாம் ஆறு ஓடை அளவுதான். ஆசைப்படும் மீன்கள் கீழே இருக்கின்றன. தெங்காஸ், செபாராவ், இன்னும் கீழே தெலோம், ஜெலாய் ஆறுகளில் கெலா. எல்லாம் கெண்டைக் குடும்பம். இங்கிலாந்துக்காரர்கள் கொண்டாடும் பார்பல் என்ற மீசை மீனும் இவற்றுக்கு உறவுதான். கெலாவும் பார்பலும் வேகமான நீரில் கல்லிடுக்கை முகர்ந்து இரை தேடும். அதனால் இவற்றைத் தேடிப் போகிறவரும் இழுப்புள்ள நீரில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நீர் எப்போது ஏறும், அதில் என்ன கலந்து வரும் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியாத மேல்பக்கத்தில் முடிவாகிறது.

முதலில் அணை. ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணை 1963 முதல் மின்சாரத்துக்காக இயங்குகிறது. தெலோம் ஆற்று நீரும் சுரங்கம் வழியாகப் பெர்த்தாமுக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஆகவே நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாதபோதும், வேறொரு பள்ளத்தாக்கில் பெய்த மழையால் ஏரி நிரம்பலாம். மலைச்சரிவைக் கொத்திப் போட்ட காய்கறித் தோட்டங்களிலிருந்து வரும் மண் ஏரியைத் தூர்த்துக்கொண்டே இருப்பதால், அது வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் அளவும் குறைகிறது. 2013 அக்டோபர் 23 நள்ளிரவு வாக்கில் அணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின, ஏறத்தாழ 80 வீடுகள் சேதமாயின. வீட்டுக்குள் தூங்கியவர்களுக்கே இந்த நிலை. ஆற்று நடுவே மணல் திட்டில் நிற்பவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? அணைக்குக் கீழே சைரன் கேட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருக்காதீர்கள். விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஏறும் வழியை முதல் வீச்சுக்கு முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். பெர்த்தாமிலேயே இன்னும் கீழே சூசு அணையும் 2016 முதல் இயங்குவதால், பழைய நினைவில் உள்ள ஆறு இப்போது இல்லை.

அணையே இல்லாத ஓடையிலும் கெப்பாலா ஆயர் வரும். மலை உச்சியில் பெய்த மழை ஒரே சுவராகக் கீழே இறங்குவது அது. தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் கரையேறிவிட வேண்டும். யாரையாவது நீர் அடித்துப் போனால் 999. பின்னாலேயே குதிப்பவர்தான் பல நேரம் இரண்டாவது பிணமாகிறார்.

பிறர் தவறால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு, ஆனால் அதற்குக் கெடுவும் உண்டு. கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்குப் பொதுவாக 6 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எதிராளி அரசாங்கமோ பொது அதிகாரியோ என்றால் 36 மாதம்தான். போலீஸ் புகார், நேரம் தெரியும் படங்கள், மருத்துவச் சீட்டு, ரசீது ஆகியவற்றை அன்றே சேர்த்து வையுங்கள். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் கேட்காமல் விடுவது பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை. ஞாயிற்றுக்கிழமை மீன்பிடியில் நேர்ந்தது வேலை விபத்து ஆகாது என்பது சரிதான். ஆனால் அதன் செயலிழப்புத் திட்டம் 24 மணி நேரமும் பொருந்தும். சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், வேலை செய்யவே முடியாமல் போனவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் ஓய்வூதியம் கேட்கலாம்.

ஆற்றில் வருவது வெள்ளம் மட்டுமல்ல. 2010-இல் இதே பகாங்கின் மாரான் அருகே, லூபோக் யூ என்ற நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேட இறங்கியவர்களிடையே மெலியோய்டோசிஸும் எலிக்காய்ச்சலும் பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். முன்னது மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வருவது. பின்னது எலி சிறுநீர் கலந்த நீரிலிருந்து காலில் உள்ள சிறு வெட்டு வழியாகக்கூட ஏறும். ஆற்றுக்குப் போய்வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய், "ஆற்றில் இறங்கினேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவர் டெங்கியைத்தான் முதலில் நினைப்பார். எலிக்காய்ச்சலை மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்பது 2010 டிசம்பரிலிருந்து சட்டம்.

தோட்டத்துப் பூச்சிமருந்து இன்னோர் ஆபத்து. மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால் குழம்புக்கு அள்ளாதீர்கள். படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஆற்றைக் கெடுப்பது 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 மில்லியன் ரிங்கிட் வரை போகலாம். புகார் செய்தவரின் வேலை அத்தோடு முடிவதில்லை. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி விசாரிப்பவரின் தாள்தான் மேசையில் நகர்கிறது.

மீன்பிடிக்கிறவர் கையாலேயே நடக்கும் அழிவும் இருக்கிறது. பேட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு மின்சாரம் பாய்ச்சுவது, வெடி, தூபா வேர் உள்ளிட்ட விஷம் எல்லாமே 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. மின்சாரம் பெரிய மீன், குஞ்சு என்று பார்ப்பதில்லை, ஈரக்காலோடு நிற்கும் ஆளையும் பார்ப்பதில்லை. ஆற்று மீன்பிடிப்பு மாநில அதிகாரத்தில் உள்ளதால் உரிமம், தடைப்பகுதி பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பேராவில் செல்லுபடியானது இங்கே செல்லாமல் போகலாம். பகாங் மீன்வளத்துறையில் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

இனி மீனின் பங்கு. கெலா கிலோ பல நூறு வெள்ளிக்குப் போகிறது. மெதுவாக வளரும் மீனுக்கு இந்த விலை எமன். இதன் காவிரிச் சொந்தமான திமில் மகசீர் 2018-இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டதை நம் ஆட்கள் நினைவில் வைப்பது நல்லது. விட்டுவிடத்தான் பிடிக்கிறீர்கள் என்றால், மீனின் பிழைப்பு தூண்டில் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. மெல்லிய தங்கூசியில் நெடுநேரம் போராடி வெல்வதை வீரம் என்று பேசுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. இந்த இன மீன் கடைசி மூச்சுவரை இழுக்கும், விட்ட பிறகு களைத்தே சாகும். 15, 20 பவுண்டு நரம்பும் அதற்கேற்ற கோலும் போட்டுச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். செம்பனைப் பழம் கெலாவுக்குப் பிடித்த இரை. அதை விழுங்க விட்டுக் காத்திருக்காமல், இழுப்பு தெரிந்ததும் கோலைத் தூக்கினால் முள் உதட்டில் நிற்கும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது நொடி வேலை. கார்பன் கோல் மின்சாரம் கடத்தும் என்பதால் மின்கம்பிக்கு அடியிலும் இடி முழங்கும்போதும் அதைத் தூக்கவே கூடாது.

முடிச்சில்லாத கைவலையில் வாங்கி, மீனை நீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். உலர்ந்த கையும் சூடான பாறையும் அதன் மேல்வழுவழுப்பை உரித்துவிடும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். செவுளில் விரல் விட்டுத் தொங்கவிடும் படம் வேண்டாம். வயிற்றைத் தாங்கிக் கிடையாகப் பிடித்து, நீங்கள் மூச்சடக்கும் நேரத்துக்குள் எடுக்கும் படம் போதும். பிறகு தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, அது தானாக உதறும்வரை காத்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் செவுளுக்குள் தண்ணீர் பின்பக்கமாக நுழையும், அது உதவாது.

எங்கே பிடிப்பது என்பதும் உரிமைப் பிரச்சினைதான். தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடும் ஓடைக்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், காப்புக்காட்டுக்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். லெமோய், தெலோம் கரைகளில் செமாய் பழங்குடி மக்களின் கிராமங்கள் உள்ளன. நமக்குப் பொழுதுபோக்கான மீன் அவர்களுக்கு இரவுச் சாப்பாடு. போனதும் கிராமத் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்துக் கேளுங்கள். எந்த மடுவில் போடலாம், எதைத் தொடக்கூடாது, நேற்று மேலே மழை பெய்ததா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.