விளிப்பும் பதிலும்: வலைப்பின்னல் எடுக்கும் ஆள்கணக்கு

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் பேருந்து நுழைகையில், சட்டைப்பையில் கிடக்கும் கைபேசி நம்மைக் கேட்காமலே கர்நாடகக் கோபுரத்திடம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 'இருக்கிறேன்' என்று சொல்லாத கருவிக்கு வலைப்பின்னலில் இடமில்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர் திரையில் காட்டியதும் இதே சங்கதியைத்தான்.

தன் வலைப்பின்னலில் எந்தெந்தக் கருவிகள் இருக்கின்றன என்று கண்டறிய நிர்வாகத்துக்கு முக்கியமாக மூன்று வழிகள். முதலாவது, 1983இல் மைக் மியூஸ் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரல். ஒரு பிரிவில் வழக்கமாக இருக்கும் 254 எண்முகவரிகளையும் வரிசையாக 'இருக்கியா?' என்று கேட்டுக்கொண்டே போகும். "இதுக்கு வாயைத் திறக்காம இருந்துடலாம் தோழர், கருவியில அப்படி அமைச்சாப் போதும்" என்றார் நண்பர். இரண்டாவது, 1982இல் டேவிட் பிளம்மர் வகுத்த 'ஆர்ப்' நெறிமுறை. 'இந்த முகவரி யாருடையது?' என்று பிரிவு முழுவதற்கும் குரல் கொடுக்கும். உரிய கருவி தன் வன்பொருள் எண்ணைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்துக் கருவிகூட அதனுடன் பேச முடியாது. இங்கே மௌனத்தின் விலை வெளியேற்றம். மூன்றாவது, எதையும் கேட்காமல் ஒட்டுக்கேட்பது. வைஃபையில் சேரும் கைபேசி தானாகவே ஒரு முகவரி கேட்கிறது. பல சமயம் தன் பெயரையும் சொல்லிவிடுகிறது. புதிய கைபேசிகள் வன்பொருள் எண்ணை மறைத்துப் பொய்யெண் காட்டும்தான். ஆனால் ஒரே வைஃபைக்குப் பெரும்பாலும் ஒரே பொய்யெண்.

தெருவில் போலீஸ்காரர் விளிக்க, திரும்பிப் பார்ப்பவன் அந்தத் திரும்பலிலேயே அதிகாரத்துக்கு ஆட்பட்ட தன்னிலை ஆகிறான் என்றார் அல்தூசர், 1970இல் வெளியான கட்டுரையில். ஆர்ப் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாவது வழியிலோ விளிப்பவரே இல்லை. நாமே போய்ப் பெயர் கொடுக்கிறோம்.

என்னை உறுத்தியது வேறு. நண்பரின் பட்டியலில் பிரிண்டர், கேமரா, சி.என்.சி. மெஷின் எல்லாம் இருந்தன. கேன்டீன் வைஃபையில் சேர்ந்த கைபேசிகளும் இருந்தன, வந்த நேரம் போன நேரத்தோடு. அவற்றில் பல ஒப்பந்தத் தொழிலாளர்களுடையவை. அவர்கள் பெயர் கம்பெனியின் ஆள் பட்டியலில் கிடையாது. காண்ட்ராக்டர் நோட்டில் இருக்கிறது. அதே 1970இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் அவர்களுக்கான பதிவேட்டை ஒப்பந்ததாரரிடம்தான் கேட்டது. கைபேசியை அடையாளம் தெரியும். ஆளுக்கு விபத்து என்றால், "அவர் எங்க ஆள் இல்லையே."

ஆக, கண்டறியப்படுதல் வேறு, அங்கீகரிக்கப்படுதல் வேறு. கண்காணிப்பு பற்றிய நம் விமர்சனம் முதலாவதோடு நின்றுவிடுகிறது. வாயிற்கூட்டத்துக்கு வைஃபையை அணைத்துவிட்டுப் போங்கள், சரி. ஆனால் 'எங்க ஆள் இல்லை' என்கிற அன்று, அந்தப் பட்டியலையே சாட்சியாகக் கொண்டுவரச் சொல்லவும் வேண்டும். மாதக்கணக்கில் உள்ளே வந்துபோனது கைபேசி மட்டும்தானா?