துபாயில் திறந்த கதவு

இது டென்னிஸ் தகவல் துளி. மகளிர் நாட்டு அணிகள் மோதும் ஃபெட் கோப்பை 1963-இல் தொடங்கியது. அதன் உலகச் சுற்றுக்கான பிளே-ஆஃப் வாய்ப்பை இந்தியா முதன்முறையாகப் பெற்றது 2020 மார்ச்சில், துபாயில்! ஆசிய-ஓசியானியப் பிரிவின் கடைசி மோதலில் எதிரணி இந்தோனேசியா. ஒற்றையரில் இரு அணிக்கும் ஆளுக்கொரு வெற்றி. முடிவைத் தீர்மானித்த இரட்டையரில் இந்தியாவின் சானியா மிர்சாவும் அங்கிதா ரெய்னாவும் வென்றார்கள். குழந்தை பெற்றுத் திரும்பிய சானியா, நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆடிய ஃபெட் கோப்பைத் தொடர் அது. எத்தனை பெரிய மனவுறுதி! அதற்காக ஃபெட் கோப்பை ஹார்ட் விருதும் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பெருந்தொற்றால் தள்ளிப்போன பிளே-ஆஃப், பில்லி ஜீன் கிங் கோப்பை என்ற புதிய பெயரில் 2021 ஏப்ரலில் நடந்தது. அதில் லாட்வியா இந்தியாவை 3-1 என வென்றது.