மறுபடி முளைக்காத குருத்து

முட்டி வலி என்று போனால் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நடுவுல இடைவெளி குறைஞ்சிருக்கு" என்பார். படத்தில் கறுப்பாகத் தெரியும் அந்த இடைவெளியில்தான் தொடை எலும்பின் அடியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் போர்த்திய குருத்தெலும்பு இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து இல்லாததால் எக்ஸ்ரேயில் விழாது. நிற்கவைத்துப் படம் எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பாரம் ஏறாமல் படுத்த நிலையில் எடுத்தால், தேய்ந்த முட்டிகூட நல்ல முட்டிபோலத் தெரியக்கூடும்.

கறிக்கடையில் ஆட்டுக்கால் மூட்டைப் பிளக்கும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எலும்பு முனையில் நீலம் கலந்த வெண்மையாய், ஈரமாய், விரல் வைத்தால் வழுக்கும் ஒரு மூடி. கத்தியால் சீவினால் சீவல் சீவலாக வரும், ரத்தம் கசியாது. நம் முட்டியில் இதன் கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். பளிங்குக் குருத்தெலும்பு என்பது இதன் வகை. ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் கொலாஜன் நாரும், தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் புரத மூலக்கூறுகளும் அதிகம். நடக்கும்போது உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் முட்டியில் ஏறுகிறது. அதைத் தாங்குவது பிடித்துவைத்த அந்தத் தண்ணீரின் அழுத்தம்.

இதற்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. உணவு மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வர வேண்டும். நடந்து, மடக்கி, நீட்டினால்தான் நன்றாக ஊறும். மாவுக்கட்டில் நெடுநாள் கிடந்த மூட்டில் குருத்தெலும்பு மெலிந்துபோவதற்கு இதுவே காரணம். நரம்பில்லாததால் தேய்வது வெளியே தெரிவதில்லை. அடியிலுள்ள எலும்பையும் மூட்டின் உட்சவ்வையும் பாதிப்பு எட்டிய பிறகே வலி எழுகிறது. நாம் ஆஸ்பத்திரிக்குப் போவதே அப்போதுதான்.

கெட்டுப்போன குருத்தெலும்பு மீள்வதில்லை என்று 1743-லேயே லண்டனில் வில்லியம் ஹண்டர் எழுதிவிட்டார். 2016-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் அதற்கு ஓர் அசாத்தியமான சான்று தந்தார்கள். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏகமாய்க் கூடியது. அப்போது உருவான திசுக்களில் அது பதிந்தது. முட்டிக் குருத்தெலும்பில் அதை அளந்து பார்த்தபோது, வளரும் வயதில் உருவான கொலாஜன் பிறகு ஏறத்தாழ மாறவே இல்லை என்று தெரிந்தது. அறுபது வயதுக்காரர் இன்றைக்கும் பள்ளிக்கூட நாளில் உண்டான நாரின்மேல்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

விலா எலும்புகளை நெஞ்செலும்போடு சேர்ப்பதும், மூச்சுக்குழாய் ஒட்டிக்கொள்ளாமல் பிடித்திருக்கும் 16 முதல் 20 வளையங்களும் இதே பளிங்கு வகை. பிள்ளைகளின் கை கால் நீள்வதும் எலும்பு முனையருகே இருக்கும் பளிங்குத் தகட்டால்தான். காது மடலில் இருப்பது மீள் வகை. மடக்கிவிட்டால் பழையபடி நிமிரும்.

மூன்றாவது, நார் வகை. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் சுற்றுப்பகுதியும், முட்டிக்குள் பிறை வடிவில் இருக்கும் இரண்டு மெத்தைகளும் இந்த வகை. கபடியில் கால் ஊன்றியபடி உடம்பு திரும்பும்போது "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்கிறோமே, பல நேரம் கிழிவது இந்தப் பிறைதான். இதன் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தைத்து ஆற்ற வாய்ப்பிருக்கிறது. உள் ஓரத்தில் அந்த வாய்ப்பு குறைவு. ஒரு காலத்தில் பிறை முழுவதையும் வெட்டி எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்த முட்டிகளில் எலும்பின் வடிவமே மாறி, இடைவெளி குறுகுவதை 1948-ல் ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் எக்ஸ்ரேயில் காட்டினார். வெட்டினால் சில வாரங்களில் ஆட்டத்துக்குத் திரும்பலாம். தைத்தால் பல மாதம் காத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்காக அந்த மாதங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரையும் பயிற்சியாளர்களையும் கெஞ்சிக் கேட்பேன்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் ஜவ்வு வளரும் என்பது நம் வீடுகளில் வேரோடிய நம்பிக்கை. சூப்பிலுள்ள கொலாஜனைக் குடல் துண்டு துண்டாக்கித்தான் உள்ளே விடுகிறது. அது நேரே முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. குளுக்கோசமைன் மாத்திரையை அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்து 2006-ல் வெளியிட்ட முடிவில், மொத்தத்தில் அது வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஒரு சிகிச்சை மேலானது: நோயாளியின் குருத்தெலும்பில் கொஞ்சம் எடுத்து, அதன் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, திரும்ப வைக்கிறார்கள். ஆனால் அடிபட்டு ஓரிடத்தில் குழி விழுந்த இளவயது முட்டிக்கே அது ஏற்றது. முட்டி முழுக்கத் தேய்ந்தவர்களுக்குப் பலன் தராது.

தேய்மானம் தொடங்கியவர்கள் கையில் இருப்பது எடைதான். பருமனான முதியவர்களின் நடையை அளந்து 2005-ல் வந்த ஆய்வின்படி, ஒரு கிலோ குறைத்தால் முட்டியில் ஏறும் பாரம் ஒவ்வோர் அடிக்கும் சுமார் நான்கு கிலோ குறைகிறது.